'குறை எதுவும் இல்லை' என்று நான் எழுதிக்கொடுத்த தாள்

சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு சமாதானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுதாகச் செத்துப்போன மெஷின் பெரிய தொல்லை தராது. எது எரிந்தது என்று தேடுவீர்கள், கண்டுபிடிப்பீர்கள், மாற்றுவீர்கள், முடிந்தது. வந்துவந்து போகிற குறைதான் ஆளை உட்காரவிடாது. வாடிக்கையாளர் வீட்டில் வரும், உங்கள் முன்னால் வராது. நீங்கள் நிற்பீர்கள், நடப்பீர்கள், டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பீர்கள். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு தாளில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஊர் நாசரேத். வேலை முழுவதும் தூத்துக்குடியில். டைரி எழுதும் பழக்கம் உண்டு, அதுவும் மணி நிமிடத்தோடு. அதனால் கீழே வரும் கிழமைகளும் நேரங்களும் ஞாபகத்திலிருந்து எழுதியவை அல்ல. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கீபோர்டுக்கு மேலே கறுப்பாக ஒரு கண்ணாடிப் பட்டை வைத்த லேப்டாப்புகள் வந்துகொண்டிருந்த காலம். அழுத்துகிற பட்டன் கிடையாது. பட்டையில் விரல் பட்டால் போதும், சத்தம் கூடும், குறையும், ஊமையாகும். கடைசியில் இருப்பது வைஃபைக்கு. இருந்தால் நீல விளக்கு, போனால் ஆரஞ்சு விளக்கு. கடையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அது எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்குள் கேலியாகப் பேசிக்கொள்வோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. தருவைகுளத்திலிருந்து ரூபி என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். லேப்டாப்பை ஒரு பூத்துவாலையில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். புருஷன் மிக்கேல் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கப்பல் ஏதாவது துறைமுகத்துக்கு வந்தால் வீடியோ காலில் கூப்பிடுவான். கடலுக்குள் போய்விட்டால் வாரக்கணக்கில் பேச்சு கிடையாது.

"என்னம்மா பிரச்சினை?"

"பேசிட்டு இருக்கும்போதே சத்தம் நின்னு போவுது அண்ணாச்சி. அப்புறம் அந்த நீல லைட்டு ஆரஞ்சா மாறிரும். கால் கட் ஆயிரும். நான் தொடவே மாட்டேன். தானா அணையுது."

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "பேய் ஏறியிருக்கும்மா. சர்வீஸ் சென்டருக்கு எதுக்கு வந்த?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரூபி சிரிக்கவில்லை.

"எப்போலேருந்து?"

"ஒரு மாசமா."

'ஒரு மாதம்' என்று எழுதிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் வீட்டில் வேறு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எதற்கும் தேதி கேட்கிற நான் அன்று கேட்கவில்லை, ஏனென்றால் வரிசையில் இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.

அவள் கூடைக்குள்ளிருந்து சார்ஜரையும் எடுத்து நீட்டினாள். நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். 'சார்ஜர், மவுஸ், பை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம்.' சார்ஜர்கள் ஒன்றோடொன்று மாறிப்போய் சண்டை வருகிறதென்று அந்த விதியைக் கொண்டுவந்து ஒட்டியவனே நான்தான். அவள் சார்ஜரைத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

போகும்போது ஒன்று கேட்டாள். "மெஷின்லதான் குறைன்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுப்பீங்களா அண்ணாச்சி?"

"வேலை முடிஞ்சதும் தாள் கொடுப்போம்மா. அதுல எல்லாம் எழுதியிருக்கும்."

இரண்டு நாள் எங்கள் மேசையில் அந்த மெஷின் ஓடியது. வைஃபை ஒரு தடவைகூட விடவில்லை. பட்டையில் எல்லா விளக்கும் சொன்னபடி கேட்டன. நான் வீடியோ ஓடவிட்டேன், மூடித் திறந்தேன், பக்கத்து மேசைக்கு மாற்றினேன். வேறு வேலை செய்துகொண்டே ஓரக்கண்ணால் அந்த நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. வைஃபை சாப்ட்வேரை மட்டும் புதிதாக ஏற்றினேன், சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று.

வியாழக்கிழமை மாலை அவள் வந்தபோது தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'சோதித்ததில் குறை எதுவும் இல்லை.' கீழே கையெழுத்து, முத்திரை.

அவள் அங்கேயே நின்று வாசித்தாள். "என்ன அண்ணாச்சி இப்படி எழுதிருக்கிய?"

"நல்ல விஷயம்தானம்மா. செலவில்லாம போச்சுல்லா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மறுபடி வந்தாள். கையில் லேப்டாப் இல்லை. டோக்கன் எடுக்காமல் நேராக என் மேசைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் கூப்பிட்டிருக்கிறான். மூன்று தடவை கட் ஆகியிருக்கிறது. அவனுக்கு ஏற்கெனவே சந்தேகம், தனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் ரூபியே அணைத்துவிடுகிறாள் என்று. அவன் அம்மா தொம்மையம்மாளுக்கு அதில் சந்தேகம்கூட இல்லை, உறுதி. அன்று அந்த அம்மா நான் கொடுத்த தாளை எடுத்து, போனில் மகனுக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"'கம்பெனிக்காரனே குறை இல்லங்கான், பின்ன யாருளா கட் பண்ணுதா'ன்னு எங்க வீட்டுக்காரரு கேக்காவ. நான் என்ன சொல்ல? சீல் குத்தியிருக்கே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுவாவ. அது கழிஞ்சா மூணு வாரம் கடல்தான். இந்தத் தடவையும் கட் ஆச்சுன்னா இனிமே எங்கிட்டப் பேச மாட்டாவளாம், அம்மாகிட்ட மட்டும்தான் பேசுவாவளாம். அதுக்கப்புறம் அந்த வீட்ல நான் எதுக்கு இருக்கணும்? எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"மெஷினைக் கொண்டு வந்திருக்கலாமே, இன்னொரு தடவை…"

"இங்கன அது ஓடும் அண்ணாச்சி. அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க அந்தத் தாளை மட்டும் மாத்தி எழுதிக் கொடுங்க. வைஃபையில குறைன்னு."

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். ஒரு வரி எழுதினால் எதிரில் நிற்பவரின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். என் கையில் பேனா இருந்தது. அலமாரியில் வைஃபை கார்டும் இருந்தது. மாற்றிப் போட்டு, 'பழுதான பாகம் மாற்றப்பட்டது' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அது மறுபடி கட் ஆகும். அப்போது அவள் நிலைமை இன்னும் மோசம்.

அதை அவளிடம் விளக்கியிருக்கலாம். நான் விளக்கவில்லை. சட்டம் பேசினேன். "நான் கண்ணால பார்க்காத குறையை எழுத முடியாதும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பார்க்காம, குறை இல்லன்னு மட்டும் எழுதலாமா அண்ணாச்சி?"

நான் வேலையில் வாங்கிய அடிகளில் அந்தக் கேள்விக்கு மேல் ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வழக்கம் எங்கள் சென்டரில் இல்லை. அரை நாள் லீவு போட்டேன்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவள் வீட்டில் இருப்பது எது, என் மேசையில் இல்லாதது எது? மோடமா, சுவரா, பக்கத்து வீட்டு வைஃபையா? ஒரு தாளில் எழுதினேன், அடித்தேன். வைஃபை மட்டும் போனால் மோடத்தைச் சொல்லலாம். சத்தமும் போகிறதே. மோடத்துக்கும் சத்தத்துக்கும் என்ன உறவு? இரண்டும் சந்திக்கிற இடம் அந்தக் கறுப்புப் பட்டை ஒன்றுதான். விரல் படாமலே விரல் பட்டதாக அது நினைக்கிறது. ஏன் அந்த வீட்டில் மட்டும் நினைக்கிறது?

வெள்ளிக்கிழமை உப்பளங்களைத் தாண்டி வண்டியில் போனேன். இரண்டு நாற்பதுக்கு வீட்டு வாசல். முற்றத்தில் சுவரை ஒட்டி புதுசாக ஒரு மாதா கெபி. பாறை போலச் சிமென்டில் கட்டிய குகை, நீல வண்ணம், உள்ளே மாதா, முன்னால் ஓடு பதித்த மேடை. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன்.

தொம்மையம்மாள் என்னை நன்றாகவே வரவேற்றார். எனக்குக் கிடைத்த மரியாதை அந்தத் தாளுக்கானது. "நீங்கதான் எழுதிக் கொடுத்த சாரா? உள்ளதை உள்ளபடி எழுதியிருந்திய. உக்காருங்க. ஏளா ரூபி, ஃபேனைப் போடு." பிறகு தண்ணீர் எடுக்கப் போனார்.

ஃபிரிட்ஜ் ஹாலிலேயே இருந்தது. அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வீட்டில் எல்லாரும் வெறுங்கால்தான். அந்த அம்மா செருப்பை மாட்டினார், ஃபிரிட்ஜைத் திறந்தார், பாட்டிலை எடுத்தார், மூடினார், செருப்பைக் கழற்றி அதே இடத்தில் வைத்தார். தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அது எதுக்கும்மா செருப்பு?"

"அதுவா, ஃபிரிட்ஜு கடிக்கும் சார். வெறுங்காலோட தொட்டா சுள்ளுன்னு இருக்கும். செருப்புப் போட்டா ஒண்ணும் செய்யாது."

"எப்போலேருந்து?"

"கெபி மந்திரிச்ச சமயத்துலேருந்து. சாமியார் வந்து ஜெபம் சொல்லி, எல்லாருக்கும் குடிக்க கலர் குடுக்கலாம்னு ஃபிரிட்ஜைத் திறக்கேன், அன்னைக்குத்தான் மொதல்ல கடிச்சுது."

ரூபி கதவோரம் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். "லேப்டாப் எப்போலேருந்துன்னு சொன்னீங்க?"

"கெபி மந்திரிச்ச மறுநாள்தான் அண்ணாச்சி மொத மொத கட் ஆச்சு. எப்படித் தெரியும்னா, அந்த போட்டோவத்தான் அவியளுக்குக் காட்டிட்டு இருந்தேன்."

நான் கேட்டிருந்தால் இந்தப் பதிலைச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பாள்.

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்தேன். டெஸ்டரை எடுத்து ஃபிரிட்ஜின் கைப்பிடித் திருகில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. உடனே ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். "மீன் இருக்கு சார், கெட்டுப் போவும்" என்றார் தொம்மையம்மாள். போகட்டும் என்றேன். லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டச் சொல்லி அதன் கீல் திருகில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன், அணைந்தது.

மூன்று முனை பிளக்கில் மேலே தடியாக இருப்பது எர்த்து. மெஷின் உடம்பில் கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. அந்த வீட்டில் எர்த்து இல்லை. அதனால் கசிவு ஃபிரிட்ஜின் உடம்பிலேயே நிற்கிறது, லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கிறது. வெறுங்காலோடு ஒரு ஆள் கை வைத்தால் அவர் வழியாக மண்ணுக்குப் போகிறது. ஃபிரிட்ஜில் அது ஆளைக் கொல்லக்கூடிய விஷயம். லேப்டாப்பில் இருப்பது மிகச் சின்னக் கசிவு, ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தத் தொடுபட்டைக்குப் பைத்தியம் பிடிக்க அது போதும். எங்கள் மேசைக்குத் தனி எர்த்து உண்டு. சார்ஜரும் எங்களுடையது. நாங்கள் நிற்பது ரப்பர் விரிப்பில். இரண்டு மாதம் வைத்திருந்தாலும் அங்கே அந்தக் குறை வந்திருக்காது.

மீட்டர் பெட்டியிலிருந்து எர்த்தின் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். சுவரோடு இறங்கி, கெபி மேடைக்கு ஒரு சாண் மேலே வெட்டுப்பட்டு நின்றது. அதன் மறுமுனை மேடைக்குள் எங்கோ இருக்க வேண்டும். எர்த்து வயரை மண்ணில் புதைத்த குழியின் மேலேயே கெபியைக் கட்டியிருந்தார்கள்.

தொம்மையம்மாள் பின்னால் வந்து நின்றார். "அது கரண்டு இல்லாத வயருல்லா சார். கொத்தனார் டெஸ்டர் வச்சுப் பாத்தாரு, எரியல. மந்திரிக்கதுக்கு மொத நாளு, மேடைக்கு இடைஞ்சலா இருக்குன்னாரு. வெட்டிருங்கன்னு நான்தான் சொன்னேன்."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். மகன் கப்பல் வேலையில் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மா நேர்ந்து கட்டிய கெபி அது. அதைக் கட்டியதால்தான் மகனோடு பேச்சு அறுந்தது என்று எப்படிச் சொல்வது? "ஏதோ கரண்டுக் கோளாறும்மா, பொதுவா எல்லா வீட்லயும் வாரதுதான்" என்று ஆரம்பித்தேன். வாசலில் நின்ற ரூபியின் முகம் சுருங்கியது. அப்போதுதான் உறைத்தது, மறுபடியும் அதே வேலையைச் செய்கிறேன் என்று. மழுப்பி ஒரு வரி. அதன் செலவு அவள் தலையில்.

திரும்பவும் சொன்னேன், இந்தத் தடவை நேராக. இந்த வயரை வெட்டியதால்தான் ஃபிரிட்ஜ் கடிக்கிறது. இந்த வயரை வெட்டியதால்தான் கால் கட் ஆகிறது. உங்கள் மருமகள் அணைக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது தப்பு.

அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய கெடக்க வயருக்கும் உள்ள இருக்க கம்ப்யூட்டருக்கும் என்ன சார் சம்பந்தம்? அதுலதான் கரண்டே கிடையாதே. அன்னைக்கு எழுத்துல ஒண்ணு சொன்னிய. இன்னைக்கு அவ வந்து அழுதான்னு வாயில ஒண்ணு சொல்லுதிய."

அதுவும் நியாயம்தான்.

மணி மூன்று ஐம்பது. புது எர்த்து போட அன்று முடியாது. ரூபியிடம் சொன்னேன், "பேட்டரியில பேசுங்க. சார்ஜர் மாட்டலைன்னா கட் ஆகாது. இருபத்தஞ்சு நிமிஷம் தாங்கும்."

"கட் ஆகலன்னா?"

"ஆகாது. நான் உறுதி சொல்றேன்."

"அதில்ல அண்ணாச்சி. இன்னைக்குக் கட் ஆகாம ஓடிச்சுன்னா, இத்தனை நாளும் நான்தான் கட் பண்ணுனேன்னு ஆயிரும். சார்ஜரை மாட்டுங்க. கட் ஆகட்டும். அவிய கண்ணு முன்னாலயே ஆகட்டும்."

குறையைச் சரிசெய்யத் தெரிந்தும் சரிசெய்யாமல் விடு என்று என்னிடம் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான். நான் மாட்டினேன்.

நாலு பன்னிரண்டுக்கு மிக்கேல் திரையில் வந்தான். எண்ணெய் படிந்த நீலச் சட்டை, பின்னால் இரும்புச் சுவர். ரூபி இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, காமிராவுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"என்னளா இது, போலீசு புடிச்ச மாதிரி கையத் தூக்கிட்டு இருக்க?"

"நான் தொடலன்னு நீங்க பாக்கணும்லா. அதுக்குத்தான். பேசுங்க."

அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினான். மழையைப் பற்றிக் கேட்டான். அவள் கையை இறக்காமல் பதில் சொன்னாள். நான் மூலையில் நின்று நீல விளக்கையே பார்த்தேன். குறை வர வேண்டும், வந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். விளக்கு அசையவில்லை.

பதினோராவது நிமிடம் மிக்கேல் சொன்னான்: "இன்னைக்கு மட்டும் எப்படி ஓடுது? வீட்ல வெளியாளு நிக்காருன்னா ஓடுமோ?"

"அதான் பாத்தியாலே" என்றார் தொம்மையம்மாள்.

ரூபி திரும்பி என்னைப் பார்த்தாள். டெஸ்டர் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். சார்ஜர் மாட்டியிருக்கிறது. எர்த்து இல்லை. பின்னே ஏன் வரவில்லை? இத்தனை நாளும் இருந்து இன்று இல்லாதது என்ன?

அவள் கை. தூக்கிப் பிடித்த அந்த இரண்டு கைகள். மற்ற நாளெல்லாம் வெறுங்காலைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டை மெஷின் மேல் வைத்துப் பேசியிருப்பாள். கசிவுக்கு ஒரு ஆள் வேண்டும். இன்று யாரும் அதைத் தொடவில்லை.

'கையை வையுங்கள்' என்று சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் கையை வைத்து அது அணைந்தால், அவள்தான் அணைத்தாள் என்று முடிந்துவிடும். என் கையை வைக்கலாம், ஆனால் காலில் உறை. அதோடு, நான் அவளுக்காகப் பேச வந்தவன் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. நான் செய்துகாட்டுவது எதுவும் அந்த வீட்டில் செல்லாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

"அம்மா, நீங்க இங்க உட்காருங்க. பட்டன் பக்கம் போக வேண்டாம். உள்ளங்கையை மட்டும் இந்த ஓரத்துல வச்சுக்கிட்டு மகன்கிட்டப் பேசுங்க. லேசா சுள்ளுன்னு இருக்கும், ஆபத்து இல்லை."

"வச்சா என்ன?" என்றார். ரூபியை நகரச் சொல்லி உட்கார்ந்தார். சவால் விடுகிற மாதிரி உள்ளங்கையை அழுத்தி வைத்தார். ரூபி பின்னால் நின்றாள், கை இன்னும் மேலே.

"ஏலே மிக்கேலு, ஒடம்பு நல்லாருக்கா?"

"இருக்கேம்மா. நீ மாத்திரை…"

பட்டையில் விளக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடின. சத்தம் நின்றது. மிக்கேலின் வாய் மட்டும் அசைந்தது. நீலம் ஆரஞ்சு ஆனது. படம் உறைந்து, மறைந்தது.

தொம்மையம்மாள் கையை வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். "இதுவும் கடிக்குது" என்றார் மெதுவாக.

நான் சார்ஜரைப் பிடுங்கி, வைஃபையை மறுபடி போட்டேன். திரும்ப இணைப்பு வர நாலு நிமிடம் ஆயிற்று. படம் வந்ததும் மிக்கேல் கேட்ட முதல் கேள்வி:

"என்னம்மா, நீயா கட் பண்ணுன?"

"நான் எங்கலே கட் பண்ணுனேன்? சும்மா கைய வச்சிட்டு இருந்தேன்."

"சும்மா வச்சா எப்படிம்மா அணையும்? ஏதாவது அமுக்கியிருப்ப."

"நான் ஒண்ணையும் அமுக்கலலே. தொடவே இல்ல. தானா…" தொம்மையம்மாள் நிறுத்தினார். அந்தச் சொல்லை அதே வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பார். தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பி, "தானாத்தாம்லே அணையுது" என்று முடித்தார்.

அந்தப் பக்கம் மிக்கேல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரூபி, கைய இறக்கு" என்றான்.

ரூபி இறக்கினாள். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

தொம்மையம்மாள் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க பேசுங்க. இன்னும் இருபது நிமிசம்தான் தாங்கும்." எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். நானும் வந்ததும் கதவைச் சாத்தினார்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு, நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிக்கும் என்று தெரிந்த மெஷினில் அறுபது வயது அம்மாவைக் கை வைக்கச் சொன்னேன். ஆபத்து இல்லை என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமையின் பக்கத்தை எடுத்தால் அந்த இடத்தில் கண் நிற்கிறது. அதைவிட அதிகமாக நிற்கிற இடம் முந்தைய வாரம் வியாழக்கிழமை. அந்தத் தாளை நான் கொடுத்த மாலையிலிருந்து எட்டு நாள் அந்த வீட்டில் செருப்பை நம்பி ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார்கள். யாராவது ஒரு அவசரத்தில், ஈரக் காலோடு, செருப்பை மறந்திருந்தால்? சார்ஜரை வாங்கியிருந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது என்பது உண்மை. 'வீட்டில் வேறு எதுவும் மாறியதா' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த மாதத்திலிருந்து நான் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதியது கிடையாது. 'எங்கள் மேசையில் குறை தெரியவில்லை, பயன்படுத்தும் இடத்தில் பார்க்கவில்லை' என்று எழுதினேன். வரி நீளம் என்று மேலிடத்தில் கடிந்துகொண்டார்கள். நீங்களும் எழுதுங்கள், உங்களையும் கடிந்துகொள்ளட்டும்.

முற்றத்தில் நின்று எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். காலையில் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். அதுவரை ஃபிரிட்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் போட வேண்டாம் என்று தொம்மையம்மாளிடம் சொன்னேன். அவர் சரி என்றார். மீனைப் பற்றிப் பேசவில்லை. கெபி முன்னால் நின்று வெட்டுப்பட்ட பச்சை வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ரூபியின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றும் பிடிபடவில்லை.

"குழி கெபிக்கு அடியிலதான் கெடக்கா சார்?"

"ஆமாம்மா."

"உடைக்கணும்னா உடைச்சிருங்க."

"உடைக்க வேண்டாம்மா. வேற இடத்துல புதுக் கம்பி அடிக்கலாம். மண்ணு ஈரமா இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் முற்றத்தைக் கடந்து, பாத்திரம் கழுவுகிற குழாயடிக்குப் போனார். அங்கே எப்போதும் தண்ணீர் சொட்டி மண் கறுத்துக் கிடந்தது. ஒரு செங்கல்லை எடுத்து நட்ட நடுவில் வைத்தார், காலையில் வருகிறவருக்கு அடையாளமாக.

"இங்கன போதுமா?"

"போதும்மா" என்றேன்.